ஆண்கள் கழிப்பறையில ஒரு மூடிபோட்ட வாளி: மண்டபக்காரரிட்ட எப்பிடிக் கேக்கிறது?

பென்சன்காரன் (வெள்ளவத்தை)

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி சின்னது, முன்கதை கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கோ.

எனக்கு வயசு 67. அரசாங்கத்தில கணக்குப் பிரிவில இருந்து ஓய்வு பெற்றவன். போன வருசம் புரொஸ்டேட்டில (ஆம்பிளையளுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழ இருக்கிற சுரப்பி) புற்றுநோய் எண்டு கண்டுபிடிச்சு, சுரப்பியை முழுசா எடுத்துப் போட்டினம். வெளியில பரவேல்லை. பி.எஸ்.ஏ. (புரொஸ்டேட்டுக்குப் பாக்கிற இரத்தப் பரிசோதனை) ரிப்போட் ஒவ்வொருக்காவும் நல்லாத்தான் வருது. டொக்டருக்குச் சந்தோசம், மனுசிக்குச் சந்தோசம், லண்டனில இருக்கிற மகனுக்குச் சந்தோசம். ஆனா சலம் (சிறுநீர்) கசியுது.

இருமினால், தும்மினால், கதிரையை விட்டு எழும்பினால் கொஞ்சம் போகும். வீட்டில எண்டால் கவலை இல்லை. வெளியில போறதெண்டால் கசிவை உறிஞ்சிற பாட் வைச்சுத்தான் போக வேணும், ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கொருக்கா மாத்தவும் வேணும். சரி, மாத்தியாச்சு. கழட்டினதை எங்க போடுறது?

நீங்கள் ஆம்பிளையள் எண்டால் அடுத்தமுறை வெளியில போகேக்க ஒருக்காப் பாருங்கோ. கொமட் இருக்கிற அறைக்குள்ள வாளி இராது. கை கழுவுற இடத்தில திறந்தபடி ஒண்டு இருக்கும், நாலு பேர் தலை சீவிக்கொண்டு நிப்பினம். அதுக்குள்ள கொண்டுபோய்ப் போடுற துணிவு எனக்கில்லை. கொமட்டுக்குள்ள போட்டுத் தண்ணி அடிக்கிறவையும் இருக்கினம், நான் அது செய்ய மாட்டன், குழாய் அடைச்சுப்போடும். பேப்பரில சுத்தி, சொப்பிங் பையில போட்டு, அதை இன்னொரு பையில போட்டு, தோள்பைக்குள்ள வைச்சுக்கொண்டு 100 பஸ்ஸில வீடு வந்து சேருறது. பக்கத்தில இருக்கிறவர் யன்னலைத் திறந்தால் உடன எனக்கு மணக்குதோ எண்டு யோசினை.

இதால நான் விட்ட விசயங்கள் கனக்க. ஆடிவேல் திருவிழாவுக்குச் செட்டியார் தெருவில இருந்து பம்பலப்பிட்டி மட்டும் ரதத்துக்குப் பின்னால நடக்கிறவன், இந்த வருசம் வீட்டில இருந்திட்டன். இலக்கியக் கூட்டமெண்டால் கதவோரக் கதிரைதான். வெள்ளை வேட்டி கட்டிக் கனகாலம், கறுத்தக் காற்சட்டைதான் சீருடை. மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில கிளினிக் வாங்கில ஹோமாகமப் பக்கத்து ஐயா ஒருத்தர் பக்கத்தில இருந்தவர். எனக்கு அரைகுறைச் சிங்களம், அவருக்குத் தமிழே இல்லை. கதைச்சுக்கொண்டிருக்கேக்க என்ர தோள்பையைப் பாத்திட்டுச் சிரிச்சுப்போட்டு, தன்ர பையைத் திறந்து காட்டினார். அதே பேப்பர், அதே சொப்பிங் பை.

மகன் சொல்லித்தான் தெரியும், பிரித்தானியாவில ‘புரொஸ்டேட் கான்சர் யூகே’ எண்ட அமைப்பு இதுக்கெண்டே ஒரு இயக்கம் நடத்துது. ‘போய்ஸ் நீட் பின்ஸ்’ எண்டு பேர். அங்க 1992இல வந்த வேலைத்தள விதிகளோட பெண்களின்ர கழிப்பறையில மூடின வாளி வைக்க வேணுமெண்டு வந்திட்டுது, ஆம்பிளையளைப் பற்றி ஒருத்தரும் யோசிக்கேல்லை. 8 ஆம்பிளையளில ஒருத்தருக்கு வாழ்நாளில இந்த நோய் வருமெண்டு கணக்கு வைச்சிருக்கிற நாட்டிலயே நிலமை இப்பிடி.

இப்ப கேள்வி. தை மாசம் மகளின்ர கலியாணம். மண்டபம் பதிஞ்சாச்சு (பேர் சொல்லேல்லை, எல்லா மண்டபமும் ஒண்டுதான்). முகூர்த்தம், தாலிகட்டு, அறுகரிசி, சாப்பாடு எண்டு அஞ்சாறு மணித்தியாலம் நான் வேட்டியோட மணவறையில இருந்து எழும்ப வேணும். மனேஜருக்குப் போன் எடுத்து, ஆண்கள் பக்கக் கொமட் அறைக்குள்ள ஒரு மூடி வாளி வைக்கேலுமோ எண்டு கேட்டன். “ஆம்பிளையளுக்கு அது எதுக்கு ஐயா?” எண்டார். நான் “சும்மாதான்” எண்டு வைச்சிட்டன்.

எப்பிடிக் கேட்டால் வைப்பினம்? ஆர் அதை வெறுமையாக்கிறது? மேல என்ன எழுதி ஒட்டுறது? என்ர கலியாண வீட்டோட நிக்காமல், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில இருக்கிற மண்டபங்கள், கோயில்கள் எல்லாத்துக்கும் கொண்டுபோகலாம் எண்டு ஒரு எண்ணம் இருக்கு. அனுபவம் உள்ளவை சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனைப் பொடியன்

ஐயா வணக்கம். நான் ஒரு ஹோட்டல்ல ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். உங்க கேள்வி என்னோட வேலைக்குள்ள வர்றதால எழுதுறேன்.

முதல் விஷயம், மனேஜர்கிட்ட இரக்கம் கேக்காதீங்க. குழாய் அடைப்பைப் பத்திப் பேசுங்க. “உங்க ஜெண்ட்ஸ் டொய்லட்ல டயப்பர், பாட் எல்லாம் கொமட்டுக்குள்ள போகுது, கலியாணத்தன்னைக்கு அடைச்சா என்ன பண்ணுவீங்க?” அப்படின்னு கேட்டுப் பாருங்க. வாளி தானா வரும். ஞாயித்துக்கிழமை முகூர்த்தத்துல கழிவு உறிஞ்சுற பவுசர் கூப்பிட்ட மனேஜர் யாரும் அதை மறக்க மாட்டான்.

ரெண்டாவது, பெரிய இடங்கள்ல லேடீஸ் பக்கம் வாளி வச்சு எடுத்துட்டுப் போறதுக்குக் கம்பெனிகளோட ஒப்பந்தம் இருக்கும். அவங்க வர்ற அன்னைக்கே ஜெண்ட்ஸ் பக்கமும் ஒண்ணு சேர்த்துக்கச் சொன்னா போதும், தனியா ஆள் தேவையில்ல. சின்ன மண்டபம்னா துப்புரவு பண்ற அக்காதான் எடுக்கணும். அவங்களுக்குக் கையுறை குடுங்க, வாளிக்குள்ள ரெண்டு பை போடுங்க, முன்னாடியே சொல்லி வைங்க, கையில கொஞ்சம் காசும் குடுங்க. இதைச் சொல்லாம வாளி வச்சா அந்த அக்காதான் மாட்டிக்குவாங்க. யாரும் இதை யோசிக்கிறதே இல்ல.

வாளி காலால மிதிச்சுத் திறக்கிறதா இருக்கணும். கொமட் ரூமுக்குள்ள இருக்கணும், வெளிய வச்சா ஒருத்தரும் போட மாட்டாங்க. கதவுல ஒரு கொளுக்கி இருக்கான்னு பாருங்க. வேட்டியையும் பையையும் தொங்கப்போட இடம் இல்லாம பாட் மாத்துறது சர்க்கஸ்.

மேல ‘டயப்பர் போடும் வாளி’ன்னு எழுதுங்க. பிள்ளைய வச்சிருக்கிற அப்பாமாரும் போடுவாங்க, உங்க ஆளுங்களும் போடுவாங்க. யாருக்கும் வெக்கம் இல்ல.

நெற்றிக்கண்

கழிப்பறை விடயமெல்லாம் பொதுவெளியில் எழுத வேண்டுமா? கோயில் மண்டபத்தில் இப்படிப்பட்ட பொருள் வைப்பது ஆசாரக்குறைவு என்பது என் கருத்து. வயதானவர்கள் வீட்டோடு இருந்து ஓய்வெடுப்பதே நல்லது.

சுபா (தெஹிவளை)

நெற்றிக்கண், என்ர அவருக்கு 59 வயது. வீட்டில ஓய்வெடுக்க இன்னும் பென்சனே வரேல்லை. கோயிலில பெண்கள் பக்கம் வாளி இருக்கு, அதால ஒரு சாமியும் கோவிச்சதாத் தெரியேல்லை.

அண்ணை, நீங்கள் எழுதினது எங்கட வீட்டுக் கதை. ஒப்பரேசன் முடிஞ்சு கதீற்றர் (சலம் போக வைச்ச குழாய்) கழட்டின பிறகு இவர் நாலு சுவரை விட்டு வெளியில வரேல்லை. சிநேகிதர் கூப்பிட்டால் “இடுப்பு நோ” எண்டு சொல்லுவார். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பொய், எந்தப் பொய் ஆருக்குச் சொன்னதெண்டு நான்தான் ஞாபகம் வைச்சிருக்க வேணும். பாட் வாங்கிறதும் நான்தான். பார்மசிப் பொடியன் பழுப்புப் பேப்பரில சுத்தி, இன்னொரு பையில போட்டு, எனக்கெண்டு நினைச்சுக்கொண்டு தரையைப் பாத்தபடி தருவான். ஒருநாள் “தம்பி, இது அங்கிளுக்கு, பெரிய சைஸ் எடும்” எண்டன். அவன் முழிச்ச முழி!

ஒண்டு மட்டும் சொல்லுறன். ஒக்டோபர் வந்தால் மார்பகப் புற்றுநோய்க்கு கொழும்பில எத்தினை நடை, எத்தினை ரோஸ் நிற ரீசேட். அது வேணும், என்ர அக்கா அதாலதான் நேரத்துக்குப் போய்க் காட்டினவ. செப்டெம்பர் புரொஸ்டேட்டுக்கு உரிய மாதம், அதுக்கு இளநீல ரிப்பன் இருக்கு எண்டு எத்தினை ஆம்பிளையளுக்குத் தெரியும்? எங்களுக்காக நாங்கள் கத்தினம். உங்களுக்காக நீங்கள் கத்த வேணாமோ?

மருதானை நானா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கட பக்கத்துக் கதையொண்டு சொல்றேன்.

வாப்பாவுக்கும் இதே ஒபரேசன்தான். அதுக்குப் பொறகு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போறத நிப்பாட்டிட்டாரு. கசிஞ்சா உளூ (தொழுகைக்கு முந்தி கை, கால் கழுவுற சுத்தம்) முறியும், தொழுகை கூடாதுன்னு அவரே முடிவு எடுத்துக்கிட்டாரு, யார்ட்டயும் கேக்கல்ல. பொறகு நான்தான் மௌலவிட்டப் போய் கேட்டேன். இதெல்லாம் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) கிதாபுல அந்தக் காலத்துலயே இருக்கிற விஷயம்னாரு. சலம் நிக்காம போற ஆளுக்கு ஷாபி மத்ஹபுல (சட்டப் பிரிவுல) வழி இருக்கு. வக்து (தொழுகை நேரம்) வந்த பொறகு கழுவி, புதுசாப் பஞ்சு வச்சுக் கட்டி, உளூ செஞ்சு, தாமதிக்காமத் தொழணும். தொழும்போது கசிஞ்சா பரவால்ல. ஒவ்வொரு ஃபர்ளு (கடமையான) தொழுகைக்கும் திரும்பச் செய்யணும், அவ்வளவுதான். இதக் கேட்டதும் வாப்பா அழுதுட்டாரு.

ஆனா ஒவ்வொரு வக்துக்கும் புதுப் பஞ்சுன்னா, கழட்டினத எங்க போடுறது? உங்க கேள்விதான். பள்ளி நிருவாகத்துல ரெண்டு பேர்ட்டப் பேசி, ஹவ்லுக்கு (உளூ செய்ற தண்ணித் தொட்டி) பக்கத்து டொய்லட்டுல மூடி வாளி ஒண்டு வச்சோம். ஒண்டும் எழுதி ஒட்டல்ல. வாப்பா ஒருத்தருக்காகத்தான் வச்சது. கொஞ்ச நாள்ல பாத்தா வாளி நிறையுது. ஒருத்தர் போட்டு நிறையுற அளவு இல்ல அது. யார் யார்னு நாங்க பாக்கவும் இல்ல, கேக்கவும் இல்ல.

வார்ட்டுக்காரன்

நான் அரச மருத்துவமனையொன்றில் தாதிய உத்தியோகத்தர், சிறுநீரகவியல் வார்ட்டில் வேலை. ஐயாவுக்கு ஒன்றிரண்டு விஷயம்.

சலப்பையின் வாயில் ஒரு வால்வு, புரொஸ்டேட்டுக்குக் கீழே இன்னொரு வால்வு. சுரப்பியை எடுக்கும்போது மேலே உள்ளது பெரும்பாலும் அதோடு போய்விடும். பிறகு முழுப் பாரமும் கீழ் வால்வின் தலையில். அதைப் பலப்படுத்தத்தான் இடுப்புத்தளப் பயிற்சி. காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல ஆசனவாயை உள்ளே இழுத்து, மூச்சை அடக்காமல், ஐந்து செக்கன் பிடித்துவிட்டு விட வேண்டும். பத்துத் தரம், நாளுக்கு மூன்று வேளை. வயிறும் தொடையும் இறுகினால் பிழையாகச் செய்கிறீர்கள். சலம் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள். மணவறையில் இருந்து எழும்புவதற்கு ஒரு செக்கன் முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு எழும்புங்கள், கசிவு குறையும்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். சலம் தடித்தால் சலப்பை இன்னும் எரிச்சலாகி அடிக்கடி முடுக்கும். குறைக்க வேண்டியது தேத்தண்ணியும் கோப்பியும். கலியாண வீட்டில் அது கஷ்டம்தான்.

முதல் வருடத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறைந்துவிடும். ஒரு வருடம் தாண்டியும் பாட் நனைந்துகொண்டே இருந்தால் கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள். சலம் வெளியேறும் குழாயைத் தாங்கிப் பிடிக்க ஒரு பட்டி வைப்பது, செயற்கை வால்வு பொருத்துவது என்று வழிகள் இருக்கின்றன. டொக்டர் “எப்படி இருக்கிறீர்கள்” என்று கேட்டால் நம் ஆட்கள் “நல்லம்” என்று சொல்லிவிட்டு அடுத்த திகதி வாங்கிக்கொண்டு போகிறார்கள். டொக்டருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. எல்லா நோயாளிக்கும் வாளி பிரச்சினை இல்லை. ஹோர்மோன் ஊசி போடுபவர்களுக்கு உடம்பு திடீரென்று சூடாகி வியர்த்துக் கொட்டும், ஆசை போய்விடும், காரணமில்லாமல் கண் கலங்கும். அவர்களுக்கு வேண்டியது கதைக்க ஒரு ஆள். உங்கள் வாளி இயக்கத்தில் அவர்களுக்கும் ஒரு கதிரை போடுங்கள்.

ரமேஷ்_டெக்

அங்கிள், சூப்பர் ஐடியா. இதைப் பெருசாப் பண்ணலாம். 2011ல தெய்வேந்திரமுனைல இருந்து பருத்தித்துறை வரைக்கும் நடந்து தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்த்தாங்க. 2016ல பருத்தித்துறைல இருந்து தெற்கே நடந்து காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்குச் சேர்த்தாங்க. நாம காலி வீதில ஒரு நடை வைக்கலாம். நவம்பர்ல ஆம்பளைங்க ஆரோக்கியத்துக்காக மீசை வளர்க்கிற ‘மொவெம்பர்’ இருக்கு, 2003ல மெல்பேர்ன்ல 30 பேரோட தொடங்கினது, இப்ப உலகம் முழுக்க. முடிவுல மண்டபத்துல எல்லாருக்கும் ஃப்ரீயா பி.எஸ்.ஏ. டெஸ்ட். லேப் ஸ்பொன்சர் நான் பார்த்துத் தர்றேன்.

வார்ட்டுக்காரன்

தம்பி, நடை வைக்கலாம். பி.எஸ்.ஏ.யை மட்டும் சீனி, பிரஷர் பார்ப்பதுபோல வரிசையில் நிறுத்திப் பார்க்க வேண்டாம். சலத்தில் கிருமித்தொற்று வந்து ஆறு கிழமைக்குள் பார்த்தால் கூடிக் காட்டும். இரண்டு நாளுக்குள் சைக்கிள் ஓடியிருந்தாலோ உடலுறவு கொண்டிருந்தாலோ கூடலாம். வயதோடு வரும் சாதாரண வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைட் குளிசை போடுபவருக்கு அளவு ஏறக்குறையப் பாதியாகக் காட்டும், “நல்லம்” என்று வீட்டுக்குப் போய்விடுவார். பிரித்தானிய சுகாதார சேவை சொல்லும் கணக்குப்படி அளவு கூடியவர்களில் 4இல் 3 பேருக்குப் புற்றுநோய் இல்லை. சாதாரணமாக வந்தவர்களிலும் 7இல் ஒருவருக்கு இருக்கலாம். இதை ஆறுதலாக இருந்து விளக்க ஒரு டொக்டர் இல்லாமல் இரத்தம் மட்டும் எடுத்துவிட்டு ரிப்போட்டை வட்ஸ்அப்பில் அனுப்பினால், அன்றிரவு அந்த வீட்டில் யாரும் நித்திரை கொள்ள மாட்டார்கள்.

50 தாண்டியவர்கள் டொக்டரோடு கதைத்து முடிவெடுக்கலாம். அப்பாவுக்கோ சகோதரனுக்கோ இருந்தால் 45இலேயே கதைப்பது நல்லது. பென்சன்காரன் ஐயா, உங்கள் மகனுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பென்சன்காரன் (வெள்ளவத்தை)

எல்லாருக்கும் நன்றி. மகனுக்குச் சொல்லியாச்சு. “அப்பா, எனக்கு 38தான்” எண்டான். நாள்காட்டியில குறிச்சு வை எண்டன்.

ரமேஷ் தம்பி, மீசை சரிவராது. என்ர வயசுக்காரரில மீசை இல்லாதவனை வெள்ளவத்தை முழுக்கத் தேட வேணும், அவர் வளர்த்து ஆருக்குத் தெரியப்போகுது? நடை நல்லது. ஆனா நடக்கிற வழியில எங்க மாத்திறது, எங்க போடுறது எண்டு முதல் ஒழுங்கு செய்தால்தான் நாங்கள் வருவம். அதால வாளிதான் முதல், நடை பிறகு. பி.எஸ்.ஏ. விசயத்தில வார்ட்டுக்காரன் தம்பி சொன்னதுதான் என்ர முடிவும்.

ஒட்டுற எழுத்தில மட்டும் கொட்டாஞ்சேனைத் தம்பியோட எனக்கு ஒத்துவரேல்லை. ‘டயப்பர்’ எண்டு மட்டும் போட்டால் பிள்ளையளுக்குப் பின்னால நாங்கள் ஒளிஞ்சு நிக்கிறமாதிரி. மருதானைத் தம்பியின்ர பள்ளியில ஒண்டும் ஒட்டாமலே வாளி நிறைஞ்சது எனக்கு விளங்குது, தெரிஞ்ச சனம் ஒவ்வொரு நாளும் வந்து போற இடம் அது. கலியாண மண்டபத்துக்கு ஒருநாளைக்கு வந்து போற ஆளுக்கு எழுத்து வேணும். அதுவும், இப்ப ஒரு வருத்தமும் இல்லாமல் சிவனே எண்டு இருக்கிற ஒரு நாப்பத்தஞ்சு வயசுக்காரன் அதை வாசிச்சிட்டு “இதென்ன புரொஸ்டேட்?” எண்டு யோசிக்க வேணும். அப்பிடி ஒருத்தன் யோசிச்சாலே எனக்குக் காணும்.

அதால தமிழிலயும் சிங்களத்திலயும் இப்பிடிப் போடப்போறன்:

“பாவித்த டயப்பர், பாட் என்பவற்றை இதற்குள் போடவும். புரொஸ்டேட் சிகிச்சை பெற்றவர்களுக்கும் சிறு பிள்ளைகளோடு வருபவர்களுக்கும் வைக்கப்பட்டது.”

சிங்களத்தை ஹோமாகம ஐயாவிட்ட அடுத்த கிளினிக்கில காட்டித் திருத்துவன்.

மனேஜருக்குக் கடிதம் எழுதினன். சுருக்கமா இவ்வளவுதான்: “ஐயா, நான் புரொஸ்டேட் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவன், எனது மகளின் திருமணம் உங்கள் மண்டபத்தில். ஆண்கள் பக்கக் கொமட் அறைக்குள் காலால் திறக்கும் வாளி ஒன்றும் கதவில் கொளுக்கி ஒன்றும் என் செலவில் வைக்க அனுமதி தரவும். துப்புரவு செய்பவருக்கு உரிய கொடுப்பனவும் கையுறையும் நான் தருவேன். திருமணம் முடிந்ததும் வாளியை மண்டபத்துக்கே அன்பளிப்பாக விட்டுச் செல்வேன். இல்லாவிட்டால் இவை குழாய்க்குள் போய் அடைக்கும் என்பதையும் தயவாகக் கவனத்தில் கொள்ளவும்.” கடைசி வரி தம்பியின்ர புண்ணியம். மனுசி வாசிச்சுப்போட்டு “முதல் வரி வேணுமோ?” எண்டு கேட்டா. வேணும் எண்டன்.

சுபா தங்கச்சி, அவரை ஒருநாள் பின்னேரம் மெரைன் ட்ரைவ் பக்கம் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் நடக்கிற பாதையில எங்கெங்க ஒதுங்கலாம் எண்டு ஒரு வரைபடமே மண்டைக்குள்ள இருக்கு. இடுப்பு நோ எண்டே சொல்லட்டும், நானும் அதையே சொல்லுறன்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்

எழுத்து உங்க இஷ்டம் ஐயா, உங்க கலியாணம். லெமினேட் பண்ணி ஒட்டுங்க, வெறும் பேப்பர் தண்ணிபட்டு ஒரே நாள்ல போயிரும். கடிதத்துக்குப் பதில் வந்ததும் சொல்லுங்க, லீவு நாள்ல நானே வந்து வாளி அளவு பார்த்துத் தர்றேன். வர்றதுக்கு முன்னாடி அந்த ஜெண்ட்ஸ் கொமட் ரூம் சாவி யார்கிட்ட இருக்குன்னு மட்டும் கேட்டு வைங்க. பாதி மண்டபத்துல டெக்கரேஷன்காரங்க பிளாஸ்டிக் பூவையும் குத்துவிளக்கையும் உள்ள அடுக்கிப் பூட்டி வச்சிருப்பாங்க.